வந்தால், வந்தால்தான், வந்தாலும்: ஒரு விகுதி கோர்ட்டுக்குப் போன கதை

"பத்தாவதுல 450 மார்க்குக்கு மேல எடுத்தா சைக்கிள் வாங்கித் தரேன்."

இந்த மாதிரி ஒரு வரியைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை நம்மூரில் குறைவு. சைக்கிளுக்குப் பதில் வாட்ச், வாட்சுக்குப் பதில் கிரிக்கெட் மட்டை என்று மாறலாம், வாக்கியம் என்னவோ ஒண்ணுதான். இப்போ கேள்வி. பையன் 449 எடுத்தான். அப்பா சைக்கிள் வாங்கித் தரணுமா, வேண்டாமா?

"இதென்ன கேள்வி, கிடையாதுதான்" என்பீர்கள். சரி, அப்பா சொன்னதை இன்னொரு தடவை படிங்க. 450-க்கு மேல எடுத்தா என்ன நடக்கும் என்பதை மட்டும்தான் சொல்லியிருக்கார். 449 எடுத்தா என்ன ஆகும் என்பதைப் பத்தி மூச்சே விடலை. புரோகிராம் எழுதிப் பொழைக்கிற ஆசாமிகளுக்கு இது சட்டுனு பிடிபடும். 'இஃப்' இருக்கு, 'எல்ஸ்' இல்லை. கம்ப்யூட்டர் அந்த இடத்தில் ஒண்ணும் செய்யாமல் அடுத்த வரிக்குப் போயிடும். மனுஷன் மட்டும்தான் இல்லாத 'எல்ஸ்'ஸைத் தானே எழுதிக்கொண்டு, "அப்பா தரமாட்டேன்னு சொல்லிட்டார்" என்று மூக்கைச் சிந்துவான்.

1971-ல் மைக்கேல் கைஸ், ஆர்னால்ட் ஸ்விக்கி என்று இரண்டு அமெரிக்க மொழியியலாளர்கள் இதைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். அவங்க ஊர் உதாரணம், "புல்லை வெட்டினால் ஐந்து டாலர் தருகிறேன்". இந்த வாக்கியம் 'வெட்டாவிட்டால் தரமாட்டேன்' என்று சொல்லவில்லை. ஆனால் கேட்பவனை அந்த முடிவுக்கு 'வாங்க, வாங்க' என்று வாசலில் நின்று அழைக்கிறது. சொன்னது ஒன்று, அழைத்தது இன்னொன்று. இரண்டும் வேறு என்பதுதான் அவங்க சொல்ல வந்த விஷயம்.

இந்த இடத்தில் நம்ம தமிழ் கொஞ்சம் கில்லாடி. 'வந்தால் தருவேன்' என்றால் மேலே சொன்ன குழப்பம் இருக்கும். 'வந்தால்தான் தருவேன்' என்றால் கதவைச் சாத்தியாச்சு, வராவிட்டால் கிடையாது. 'வந்தாலும் தருவேன்' என்றால் வருவது ஒரு பொருட்டே இல்லை. ஒரு 'தான்', ஒரு 'உம்', அவ்வளவுதான் வித்தியாசம். தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளை அடுக்கும்போது 'செயின்' என்று ஒன்றைச் சொல்லியிருக்கார். நாம இப்போ 'செய்தால்' என்று சொல்லுவதன் தாத்தா அது. ஆக நிபந்தனை போட்டுப் பேசுவது நமக்குப் புதுசில்லை. 'தான்' போடாமல் பேசிட்டு, போட்ட மாதிரி நடந்துக்கிறதும் புதுசில்லை :-)

சொன்னது எவ்வளவு, கேட்டவர் சேர்த்துக்கொண்டது எவ்வளவு என்கிற கணக்கு வீட்டுக்குள்ளே தகராறோடு முடிஞ்சிடும். வெளியே வந்தால் வழக்காகும். அப்படி ஆன இரண்டு பெரிய வழக்குகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஒன்றில் லண்டனில் ஒரு அம்மா ஜெயித்தார். இன்னொன்றில் கான்பூரில் ஒரு கணக்குப்பிள்ளை தோற்றார். எனக்கு ஜெயித்த கதையைவிடத் தோற்ற கதைதான் மனசில் நிக்குது.

(டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. இன்ஜினியரிங் படிச்சிட்டு பெட்டி தட்டுறவன். சட்டம் படிச்ச மக்கள் தப்பைத் திருத்தலாம், ஆட்டோ மட்டும் அனுப்ப வேண்டாம்.)

வானத்தைத் தொட்டால்

லண்டனுக்குப் போகும் முன்னாடி ரோமில் ஒரு சின்ன ஸ்டாப்பிங். நிபந்தனை வாக்குறுதியை உட்கார்ந்து யோசித்த பழைய ஆட்களில் ரோமானியச் சட்ட அறிஞர்கள் முக்கியமானவங்க. 'ஆசியாவிலிருந்து கப்பல் வந்தால் இவ்வளவு தருகிறேன்' என்பது அவங்க திரும்பத் திரும்பச் சொல்லும் உதாரணம். கப்பல் வரும் வரை கடன் தூங்கிக்கொண்டிருக்கும். வந்ததும் முழிச்சுக்கும்.

அதோடு விடவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய கேயஸ் என்ற சட்ட ஆசிரியர், 'விரலால் வானத்தைத் தொட்டால் தருகிறேன்' என்று வாக்குக் கொடுத்தால் அது வாக்கே இல்லை, செல்லாது என்கிறார். நடக்கவே முடியாத நிபந்தனை என்பது தரமாட்டேன் என்பதன் மரியாதையான வடிவம். நம்மூரில் 'காக்கா வெள்ளையானா' என்பார்களே, அதே ரகம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு உதாரணம். 'நான் கேப்பிட்டல் குன்றின் மேல் ஏறாவிட்டால் இவ்வளவு தருகிறாயா?' என்று ஒருத்தன் வாக்கு வாங்குகிறான். அவன் ஏறவில்லை என்று எப்போ முடிவு செய்வது? இன்னிக்கு ஏறலை, நாளைக்கு ஏறலாமே? ஆறாம் நூற்றாண்டு ஜஸ்டினியன் பாடநூலின் பதில் இது: அவன் சாகும்போது தருகிறேன் என்று சொன்னதற்கு இது சமம். டைம்-அவுட் வைக்காமல் லூப் எழுதினால் என்ன ஆகும் என்று அப்பவே கண்டுபிடிச்சிருக்காங்க!

மூக்குக்குள்ளே ஒரு பந்து

இப்போ லண்டன். 1889-90-ல் 'ரஷ்யக் காய்ச்சல்' என்ற பெயரில் ஒரு இன்ஃப்ளூயன்ஸா உலகத்தைச் சுற்றி வந்தது. ஒரு தடவையோடு நிற்காமல் அலை அலையாகத் திரும்பி வந்தது. 1892 ஜனவரி 14-ல் விக்டோரியா ராணியின் பேரன் இளவரசர் ஆல்பர்ட் விக்டரே அந்தக் காய்ச்சல் நிமோனியாவாகி இறந்துபோனார். மருந்து கிடையாது. ஜனங்களுக்கு பயம். பயம் இருக்கும் இடத்தில் வியாபாரம் இருக்கும். 2020-ல் நாமும் பார்த்தோமே, எதை எதையெல்லாம் காய்ச்சிக் குடிக்கச் சொன்னாங்கன்னு.

ஃபிரெடரிக் அகஸ்டஸ் ரோ என்பவர் ஒரு ரப்பர் பந்து விற்றார். உள்ளே கார்பாலிக் அமிலம் கலந்த பொடி. வெளியே ஒரு குழாய். குழாயை மூக்கில் வைத்துப் பந்தை அமுக்கினால் புகை மாதிரி பொடி உள்ளே போகும். தும்மல் வரும், மூக்கு ஒழுகும், அதோடு ஜலதோஷமும் போயிடும் என்பது நம்பிக்கை. பெயர், கார்பாலிக் ஸ்மோக் பால். விலை 10 ஷில்லிங்.

1891 நவம்பர் 13-ல் 'பால் மால் கெஜட்' பத்திரிகையில் கம்பெனி ஒரு விளம்பரம் கொடுத்தது. சாராம்சம் இதுதான். பந்தோடு தரப்படும் குறிப்புகளின்படி தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் உபயோகித்த பிறகும் இன்ஃப்ளூயன்ஸாவோ ஜலதோஷமோ வந்தால் 100 பவுண்டு பரிசு. நாங்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பதைக் காட்ட ரீஜண்ட் தெருவில் உள்ள அலையன்ஸ் வங்கியில் 1000 பவுண்டு போட்டு வைத்திருக்கிறோம்.

100 பவுண்டு என்றால் 200 பந்தின் விலை. 1000 பவுண்டு என்றால் பத்துப் பேருக்குத்தான் காணும். கம்பெனிக்காரர் கணக்கைப் பார்த்தால், ஒருத்தரும் வந்து கேட்கமாட்டார்கள் என்று முடிவு பண்ணித்தான் எழுதியிருப்பார் போல.

லூயிசா எலிசபெத் கார்லில் என்ற அம்மா விளம்பரத்தைப் படித்தார். நவம்பர் 20-ல் ஒரு பந்து வாங்கினார். அன்னியிலிருந்து தினம் மூணு வேளை, சொன்னபடி விடாமல் மூக்கில் பீச்சிக்கொண்டார். இரண்டு வாரம் இல்லை, கிட்டத்தட்ட இரண்டு மாசம். 1892 ஜனவரி 17-ல், இளவரசர் இறந்த மூணாம் நாள், அந்த அம்மாவுக்கு இன்ஃப்ளூயன்ஸா வந்தது.

அவருடைய கணவர் சட்டம் படித்தவர், சொலிசிட்டராக இருந்தவர் (கம்பெனிக்கு அங்கேதான் சனி பிடிச்சது). அவர் லெட்டர் போட்டார். பதில் இல்லை. மறுபடி போட்டார். பதில் இல்லை. மூணாவது லெட்டருக்கு ஒரு பதில் வந்தது. எங்கள் பந்தின் மேல் முழு நம்பிக்கை இருக்கிறது, ஆனால் மோசடிக்காரர்களிடமிருந்து எங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது, பரிசு வேண்டுமானால் தினமும் எங்கள் ஆபீசுக்கு வந்து செயலாளர் கண் முன்னால் பந்தை உபயோகிக்க வேண்டும், என்ற தோரணையில்.

கவனிச்சீங்களா? விளம்பரத்தில் இல்லாத நிபந்தனை. 'உபயோகித்தால் தருவேன்' என்று சொல்லிவிட்டு, ஆள் வந்து நின்றதும் 'எங்க முன்னாடி உபயோகித்தால்தான் தருவேன்' என்கிறார்கள். அந்த 'தான்' வாக்கு கொடுத்தபோது இல்லை.

ஊர் உலகத்துக்கே ஒரு வாக்கு

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. கீழ்க்கோர்ட்டில் கம்பெனிக்காக வாதாடியவர் ஹெச்.ஹெச்.ஆஸ்க்வித், பின்னாளில் (1908-1916) பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். தோற்றார். அப்பீலுக்குள் அவர் உள்துறை அமைச்சராகிவிட்டதால் வேறு வக்கீல்கள் வந்தார்கள். 1892 டிசம்பர் 7-ல் லிண்ட்லி, போவன், ஏ.எல்.ஸ்மித் என்ற மூன்று நீதிபதிகளும் அந்த அம்மா பக்கமே தீர்ப்பு சொன்னார்கள்.

கம்பெனியின் வாதங்களை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் 'ஆல்' விகுதியைக் கழற்றிப் போடும் முயற்சி.

முதலாவது, இது சும்மா விளம்பர அலட்டல், யாரும் நிஜமென்று எடுத்துக்கமாட்டாங்க என்றது. நீதிபதிகள் கேட்டது, அப்புறம் வங்கியில் 1000 பவுண்டு போட்டிருக்கோம்னு எதுக்குச் சொன்னீங்க? நம்பவைக்கப் போட்ட வரியே மாட்டிவிட்டுடுச்சு.

இரண்டாவது, ஊர் உலகத்தோடு எல்லாம் ஒப்பந்தம் போட முடியுமா என்றது. போவன் இதற்குச் சொன்ன பதிலைத்தான் இன்றைக்கும் சட்ட மாணவர்கள் மனப்பாடம் பண்றாங்க. வாக்கு உலகத்துக்கே கொடுக்கலாம். ஒப்பந்தம் உலகத்தோடு இல்லை, நிபந்தனையை நிறைவேற்றி முன்னால் வருகிறவரோடு மட்டும்தான்.

மூன்றாவது, ஏற்றுக்கொள்கிறேன் என்று அந்த அம்மா எங்களுக்குச் சொல்லவே இல்லையே என்றது. அதற்கு போவன் தொலைந்துபோன நாயை உதாரணமாகச் சொன்னார். நாயைக் கண்டுபிடித்தால் பணம் என்று விளம்பரம் கொடுத்தவர், ஊரில் உள்ளவனெல்லாம் 'உங்கள் வாக்கை ஏற்று நாயைத் தேடக் கிளம்புகிறேன்' என்று கடிதாசி எழுதிப்போட்டுக் கிளம்ப வேண்டும் என்றா எதிர்பார்ப்பார்? தேடுவதுதான் பதில்.

நான்காவது, அவர் உபயோகித்ததில் எங்களுக்கு என்ன லாபம், பிரதிபலன் எங்கே என்றது. தினம் மூணு வேளை கார்பாலிக் பொடியை மூக்கில் ஏத்திக்கொள்ளும் தொந்தரவே போதுமான பிரதிபலன் என்றார்கள். அதைவிட நியாயமான தீர்ப்பு உண்டா? :-)

நிபந்தனையில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. 'உபயோகித்த பிறகு' என்றால் எத்தனை நாள் வரைக்கும்? இரண்டு வாரம் உபயோகித்துவிட்டு இருபது வருஷம் கழித்துக் காய்ச்சல் வந்தால் 100 பவுண்டா? நம்ம கேப்பிட்டல் குன்று ஆசாமிதான் திரும்பி வந்துட்டான். நீதிபதிகள் பல அர்த்தம் பார்த்தார்கள். உபயோகித்துக்கொண்டிருக்கும் காலம் வரை என்பது ஒன்று, முடித்த பிறகு நியாயமான ஒரு காலம் வரை என்பது இன்னொன்று. அந்த அம்மாவுக்கு உபயோகித்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டதால், எப்படிப் பார்த்தாலும் பணம் அவருக்குத்தான்.

பந்துக்கார ரோ சளைத்தவர் இல்லை. 1893-ல் மறுபடி விளம்பரம் கொடுத்தார், இந்தத் தடவை 200 பவுண்டு! ஆயிரக்கணக்கில் விற்றும் மூன்று பேர்தான் பரிசு கேட்டார்கள் என்று தோல்வியையே விளம்பரமாக்கிக்கொண்டார். ஆனால் கீழே ஒரு வரி சேர்ந்திருந்தது. கம்பெனி ஆபீசில் நிபந்தனைகளின் பிரதியை வாங்கி அதற்குக் கட்டுப்பட்டவருக்குத்தான் பரிசு. கோர்ட் சொல்லிக்கொடுத்த 'தான்' அது. 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று நம்ம விளம்பரங்களின் மூலையில் எறும்பு சைஸில் ஓடும் வரிக்கு இவரும் ஒரு கொள்ளுத் தாத்தா.

ரோ 1899-ல் 57 வயதில் இறந்தார். திருமதி கார்லில் 1942 வரை, 96 வயது வரை இருந்தார். இறப்புக்கு டாக்டர் குறித்த காரணங்கள் முதுமை, அப்புறம் இன்ஃப்ளூயன்ஸா.

இரண்டு கோடும் ஒரு மாப்பிள்ளையும்

நம்ம ஊரில் இதற்கு 20 வருஷம் முன்னாடியே எழுத்தில் இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம் 8-வது பிரிவு, ஒரு வாக்கில் உள்ள நிபந்தனைகளை நிறைவேற்றுவதே அதை ஏற்றுக்கொண்டதாகும் என்கிறது. போவன் நாயை வைத்துச் சொன்னதை ஒரே வரியில் முடிச்சிட்டாங்க.

அதே சட்டத்தில் 31 முதல் 36 வரையுள்ள பிரிவுகள் முழுக்க 'ஆல்' தான். நிகழ்வைச் சார்ந்த ஒப்பந்தங்கள். உதாரணங்களைப் படிச்சா நேரம் போறது தெரியாது. ஒரு கப்பல் திரும்பி வராவிட்டால் பணம், கப்பல் மூழ்கிவிட்டது, அப்போ உடனே கேட்கலாம். (ரோமானியக் கப்பல் இந்தியத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்துட்டது பாருங்க.) 'இ' என்பவளை 'ஆ' கல்யாணம் பண்ணிக்கொண்டால் பணம், ஆனால் அவள் 'ஈ'யைக் கட்டிக்கொண்டாள். அந்த 'ஈ' செத்துப்போய் அவள் மறுபடி 'ஆ'வைக் கட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறதே என்று இழுக்கக்கூடாது, நடக்காது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சட்டத்துக்குள்ளே ஒரு மெகா சீரியல்!

36-வது பிரிவு உதாரணம்தான் டாப். இரண்டு நேர்கோடுகள் ஒரு இடத்தை அடைத்தால் 1000 ரூபாய் தருகிறேன் என்று ஒருத்தன் வாக்குக் கொடுக்கிறான். செல்லாது. நடக்க முடியாத நிபந்தனை. கேயஸ் வானத்தைத் தொடச் சொன்னார், நம்ம சட்டம் யூக்ளிடைத் தொடச் சொல்லுது. உருண்டை மேல் நேராகப் போகும் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று இரண்டு இடத்தில் வெட்டி நடுவில் ஒரு இடத்தை அடைக்குமே என்று வாதாட ஆசைப்படும் கணக்குப் புலிகள் பீஸ் கட்டிட்டு வரவும்.

முனீம் லால்மன்

இப்போ கான்பூர். 1913 ஜனவரி. கௌரி தத் என்ற வியாபாரியின் அண்ணன் அல்லது தம்பி மகன் ஓடிப்போய்விட்டான். பையனைத் தேட வேலைக்காரர்களை நாலா பக்கமும் அனுப்பினார் கௌரி தத். அவருடைய கடையின் முனீம், அதாவது கணக்குப்பிள்ளை, லால்மன் சுக்லா. அவரை ரயில் சார்ஜும் செலவுக்குப் பணமும் கொடுத்து ஹரித்வாருக்கு அனுப்பினார்.

லால்மன் கிளம்பிப் போன பிறகு கௌரி தத் நோட்டீஸ் அடித்தார். பையனைக் கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய்.

லால்மன் தேடித் தேடி ரிஷிகேசத்தில் பையனைக் கண்டுபிடித்தார். தந்தி அடித்தார். முதலாளி வந்து பையனைக் கூட்டிக்கொண்டு போனார். லால்மனுக்கு இரண்டு சவரன் காசும், ஊருக்கு வந்த பிறகு 20 ரூபாயும் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு சவரன் காசு 15 ரூபாய், ஆக மொத்தம் 50 ரூபாய். சொன்ன பரிசில் பத்தில் ஒரு பங்கு. லால்மன் ஒண்ணும் கேட்கவில்லை. ஆறு மாசம் போல வேலை பார்த்தார். அப்புறம் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நோட்டீஸைக் காட்டி 499 ரூபாய் கேட்டு வழக்குப் போட்டார்.

அவர் வாதம் நேரானது. 8-வது பிரிவு, நிபந்தனையை நிறைவேற்றுவதே ஏற்பு. நிபந்தனை பையனைக் கண்டுபிடிப்பது. கண்டுபிடித்தேன். கொடு.

அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பானர்ஜி கொடுக்கவில்லை. இந்த மாதிரிக் கேட்பது ஒப்பந்தத்தின் பேரில்தான் நிற்க முடியும், வாக்கை ஏற்றுக்கொண்டால்தான் ஒப்பந்தம் என்றார். தேடும்போது இப்படி ஒரு நோட்டீஸ் இருப்பதே தெரியாதவர் அதை எப்படி ஏற்றுக்கொண்டிருக்க முடியும்? இதோடு இன்னொரு காரணமும் சொன்னார். ஓடிப்போன பையனைத் தேடுவது முனீமின் வழக்கமான வேலை இல்லைதான். ஆனால் போகிறேன் என்று ஒத்துக்கொண்டு கிளம்பியபோதே அது அவருடைய கடமையாகிவிட்டது. நோட்டீஸ் அதற்குப் பிறகு வந்தது. ஏற்கெனவே செய்யக் கடமைப்பட்டதைச் செய்தது, புது வாக்குக்குப் பிரதிபலன் ஆகாது.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி. நோட்டீஸில் 'கண்டுபிடிப்பவருக்கு' என்றுதானே இருந்தது? 'கண்டுபிடிப்பவர்' என்ற வினையாலணையும் பெயரும் மாறுவேஷம் போட்ட 'ஆல்' தான். 'யாராவது கண்டுபிடித்தால் அவருக்கு' என்று அர்த்தம். அதில் 'இந்த நோட்டீஸைப் படித்துவிட்டுக் கண்டுபிடிப்பவருக்கு' என்று எங்கே இருக்கிறது? ஸ்மோக் பால் கம்பெனி சேர்க்கப் பார்த்த 'தான்' கோர்ட்டில் எடுபடவில்லை. இங்கே கோர்ட்டே ஒரு 'தான்' சேர்த்துவிட்டதோ?

சரி, கோர்ட் பக்க நியாயத்தையும் பார்ப்போம். திருமதி கார்லில் விளம்பரத்தைப் பார்த்ததால் பந்தை வாங்கினார், பார்த்ததால் மூக்கைக் கொடுத்தார். அந்த வாக்கு அவரை நகர்த்தியது. லால்மனை நகர்த்தியது முதலாளியின் உத்தரவு. நோட்டீஸே இல்லாமல் இருந்திருந்தாலும் அவர் ரிஷிகேசத்துக்குப் போயிருப்பார், பையனைக் கண்டுபிடித்திருப்பார்.

நல்ல வாதம்தான். ஆனால் 1833-ல் இங்கிலாந்தில் வில்லியம்ஸ் எதிர் கார்வர்டைன் என்று ஒரு வழக்கு. ஒரு கொலையைப் பற்றித் துப்புக் கொடுத்தால் 20 பவுண்டு என்று நோட்டீஸ். ஒரு பெண், தான் சாகப்போகிறோம் என்று நினைத்து, மனசாட்சி உறுத்தாமல் இருக்க உண்மையைச் சொன்னாள். அவளை நகர்த்தியது பரிசு இல்லை, பயமும் மனசாட்சியும். அவளுக்கு 20 பவுண்டு கொடுக்கச் சொன்னார்கள். என்ன காரணத்துக்காகச் செய்தாய் என்பது முக்கியமில்லை என்றார்கள். ஆக, வாக்கு உன்னை நகர்த்த வேண்டியதில்லை, அது இருப்பது தெரிந்திருந்தால் போதும். இந்தக் கணக்கில் லால்மனுக்கும் 501 ரூபாய்க்கும் நடுவே நின்றவை இரண்டு. நோட்டீஸைப் பற்றிய தகவல் ஒன்று, அவருடைய பணிவு இன்னொன்று.

பணிவு என்று சும்மா சொல்லலை. இப்படி யோசிச்சுப் பாருங்க. முதலாளி கூப்பிட்டபோது லால்மன், "இது என் வேலை இல்லைங்க, நான் கணக்கு எழுதுறவன்" என்று சொல்லியிருந்தால்? அது அவருடைய வழக்கமான வேலை இல்லை என்று நீதிபதியே ஒத்துக்கொள்கிறார். அப்புறம் நோட்டீஸைப் பார்த்துவிட்டு, சொந்தக் காசில் ரயிலேறிப் போய்ப் பையனைக் கண்டுபிடித்திருந்தால், தீர்ப்பு சொன்ன இரண்டு தடையும் இல்லை. 501 ரூபாய் முழுசாக் கிடைத்திருக்கும். சொன்னவுடனே கிளம்பிப் போனவனுக்கு 50, முடியாது என்றவனுக்கு 501. சட்டம் வேண்டுமென்றே இப்படிச் செய்யவில்லை. ஆனால் கூட்டிக் கழித்தால் விடை இதுதான் வருகிறது.

வாக்கும் ஒப்பந்தமும்

எனக்குப் புரிந்தவரை இடிக்கும் இடம் இதுதான். நாம் பேசும் மொழியில் வாக்கு என்பது ஒரு கையால் தருவது. 'வாக்குக் கொடுத்துட்டேன்' என்கிறோம், கொடுத்தவரோடு முடிந்தது. வாங்கினவருக்குத் தெரியுமா, அவர் தலையாட்டினாரா என்று நாம் பார்ப்பதில்லை. கௌரி தத் ஊரறிய வாக்குக் கொடுத்தார், பையன் கிடைத்தான், அவர் தரணும். ஊர் அப்படித்தான் பேசியிருக்கும். சட்டம் கேட்பது வேறு கேள்வி. இரண்டு கை தட்டியதா? தட்டினால்தான் அதற்கு ஓசை கேட்கும்.

இரண்டு கை தட்ட வேண்டும் என்று சட்டம் கேட்பதிலும் அர்த்தம் இருக்கு. வாயிலிருந்து விழுந்த எல்லா 'ஆல்'லையும் கோர்ட் அமல்படுத்தினால் நம்மில் பாதிப் பேர் சைக்கிள் கடனில் இருப்போம். ஆனால் கவனித்துப் பார்த்தால், நிபந்தனையை எழுதுபவர் எப்பவும் மேலே இருப்பவர்தான். கம்பெனி எழுதும், வாங்குபவர் படிப்பார். முதலாளி எழுதுவார், முனீம் தேடுவார். லண்டனில் எழுதியவனின் வார்த்தையை எழுதியவனுக்கு எதிராகவே வாசித்தார்கள். அலகாபாத்தில் அந்த வார்த்தையை வாசிக்கும் இடத்துக்கே போகவில்லை.

நான் முதல் வேலையில் சேர்ந்தபோது ஒரு பாண்டில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷத்துக்குள் வேலையை விட்டால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று. நம்ம துறையில் போடாதவர் யார். அதுவும் 'ஆல்' தான், ஆனால் வாக்கு இல்லை, மிரட்டல். 'எடுத்தா சைக்கிள்' என்பதும் 'போனா முதுகுத் தோலை உரிச்சிடுவேன்' என்பதும் இலக்கணத்தில் ஒரே வடிவம். ஒன்றில் நாம் நடக்கணும்னு ஆசைப்படுகிறோம், இன்னொன்றில் நடக்கக்கூடாதுன்னு. அதே 1872 சட்டத்தின் 74-வது பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. அதாவது மிரட்டல் 'ஆல்'லில் எழுதிய எண் ஒரு உச்சவரம்புதான், முழுசும் தானாகக் கைக்கு வந்துவிடாது. கையெழுத்துப் போடும் வயசில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஆகவே மக்களே, அடுத்த தடவை யாராவது 'இதைச் செஞ்சா அதைத் தரேன்' என்றால் மூன்று விஷயம் கேட்டு வையுங்கள். எத்தனை நாளைக்குள்? செய்தாலா, செய்தால்தானா? ஏற்கெனவே என் வேலைதான் என்று அப்புறம் சொல்லமாட்டீங்களே? ரோமானியர், கார்லில் அம்மா, லால்மன், மூணு பேரும் ஆளுக்கொண்ணு சொல்லிக்கொடுத்த கேள்விகள். லால்மனுடையதுதான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது, 451 ரூபாய்.

கொசுறு: கௌரி தத் தன் நோட்டீஸில், 'கண்டுபிடிப்பவர் யாராக இருந்தாலும், இதைப் பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும்' என்று மூன்று 'உம்' போட்டிருந்தால் லால்மன் ஜெயித்திருப்பாரா? ஒப்பந்தச் சட்டப்படி அப்பவும் கஷ்டம்தான் என்பது என் கட்சி. ஆனால் கோர்ட்டில் நின்று 'தரமாட்டேன்' என்று சொல்ல முதலாளிக்கே வாய் கூசியிருக்கும். உங்க கட்சி எது? பின்னூட்டத்தில் சொல்லுங்க. சரியாகச் சொன்னால் சைக்கிள் உண்டு. (நிபந்தனைகளுக்கு உட்பட்டது!)